சுருட்டுப் பெட்டியும் ஒரு சிறு வண்டும்

என் பாட்டனார் சுருட்டுப் பிடிப்பவர். உறையூரிலிருந்து மாதந்தோறும் அவருக்கு ஒரு மரப்பெட்டி வரும். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்பொழுது, ஒருநாள் மாலை அவர் திண்ணையில் அமர்ந்து ஒரு சுருட்டைக் கொளுத்தினார். இழுத்தார், புகை வரவில்லை. மறுபடியும் இழுத்தார், காற்றுத்தான் வந்தது. சுருட்டைத் திருப்பிப் பார்த்தார். மேலிலையில் குண்டூசியால் குத்தியது போன்று மூன்று துளைகள் இருந்தன. "யார் இதை ஊசியால் குத்தியது?" என்று கேட்டார். வீட்டில் ஊசி எடுத்து விளையாடும் வயதினன் நான் ஒருவனே ஆதலால், அவர் பார்வை என்மீது நின்றது.

என் குற்றமன்று என்பதை அந்தச் சுருட்டே மெய்ப்பித்தது. அவர் அதை விரலால் பிளந்தார். உள்ளே இலை இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புத் தூள் இருந்தது. தூளின் நடுவே வெண்மையான ஒரு புழு வளைந்து கிடந்தது. "உளுத்துப் போயிற்று" என்று சொல்லிப் பெட்டியை முற்றத்து வெயிலில் திறந்து வைத்தார். சிவந்த சிறு வண்டுகள் சில வெளியே ஓடின. அவை ஓடியதைக் கண்டு நிறைவடைந்து பெட்டியை மூடினார். அடுத்த மாதம் அதே பெட்டியில் முன்னிலும் மிகுதியான துளைகள் இருந்தன.

பாட்டனாருக்குச் சுருட்டுகள் போனது பெரிதன்று. சுருட்டுகளை எறிந்துவிட்டு, காலிப் பெட்டியை வீணாக்க மனமின்றி, தம் தந்தையார் எழுதிவைத்திருந்த மருத்துவ வாகட ஏடுகளை அதில் அடுக்கிவைத்தார். அளவு பொருத்தமாக இருந்ததாம். அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின் நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஏடுகள் சல்லடையாக இருந்தன. ஒரு காய்ச்சல் குடிநீரின் செய்முறையில் சரக்குகளின் பெயர்கள் நின்றன. அளவுகள் துளையில் போய்விட்டன. அளவு தெரியாத மருந்து மருந்தாகாது. அன்றுதான் இந்த வண்டின் வரலாற்றை அறியவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

மாணவ நண்பர்களே, புகையிலையைப் புகழ்வதற்கு நான் வரவில்லை. அது நுரையீரலுக்கும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் தரும் பொருள் என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை. ஆயினும் மனிதன் விரும்பிச் சேமித்த பொருள்களுள் அதுவும் ஒன்று; சேமித்த பொருளைக் காக்க அவன் செய்த முயற்சிகளோ அறிவியல் வரலாற்றைச் சேர்ந்தவை. அவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல் நம் 'சுருட்டு' என்னும் சொல்லே. போர்த்துகீசியர் வாய் வழியாக அது ஆங்கிலத்தை அடைந்தது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எவ்வளவு அறிமுகமாகியிருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1887-இல் ஆர்தர் கானன் டாயில் எழுதி வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் சாம்பலைக் கண்டே அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று கூறிவிடுகிறார். திண்டுக்கல்லும் சுருட்டால் பெயர் பெற்ற ஊர். அதற்கு அண்மையிலுள்ள வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டது.

இனி வண்டைப் பார்ப்போம். இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், தலையைக் கீழே மடக்கிக்கொண்டிருப்பதால் பக்கத்திலிருந்து பார்க்கக் கூனியதுபோல் தோன்றும். இதற்கு அறிவியற் பெயரின் பிற்பகுதியைத் தந்தவர் டேனிஷ் நாட்டுப் பூச்சியியலார் யோஹான் கிறிஸ்தியன் பெப்ரீசியஸ்; ஆண்டு 1792. லின்னேயஸின் மாணாக்கரான இவர், நம் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற பூச்சிகள் பலவற்றுக்கும் பெயரிட்டவர். 1779-இல் வேப்பேரியில் தமிழ் அகராதி அச்சிட்ட பெப்ரீசியஸ் வேறொருவர். இருவரையும் ஒருவராக்கிக் குழப்பிக் கொள்ளற்க. 'செரிகார்னே' என்பது அவர் வைத்த பெயர். அரம் போன்ற கொம்பு உடையது என்பது அதன் பொருள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் அதன் உணர்கொம்புகள் அரத்தின் பற்களைப் போன்றே இருக்கும். வியாபாரிகள் இதனைப் புகையிலை வண்டு என்றும் சுருட்டு வண்டு என்றும் அழைத்தனர்.

ஆனால் இப்பெயர்கள் நம்மை ஏமாற்றுவன. இவ்வண்டு புகையிலைக்கென்றே பிறந்ததன்று. மிளகாய், மல்லி, மஞ்சள், சுக்கு, கருவாடு, உலர்ந்த மூலிகை, புத்தகத்தின் பசை, பனையோலை ஆகிய எல்லாவற்றையும் இது உண்ணும். பூச்சிகளைக் கொல்வதற்காக விற்கப்பட்ட பைரித்ரம் பூப்பொடியிலேயே இது குடியிருந்து பெருகியதைக் கண்டு ஆராய்ச்சியாளர்கள் திகைத்திருக்கின்றனர். இதன் பழமைக்கு எகிப்து சான்று தருகிறது. துட்டங்காமன் என்னும் இளமன்னனின் கல்லறை 1922-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதனுள் இருந்த பூச்சிகளை ஆராய்ந்து 1931-இல் ஆல்பியேரி என்பவர் வெளியிட்ட கட்டுரையில் இந்த வண்டும் இடம்பெற்றது. அம்மன்னன் இறந்தது கிறிஸ்துவுக்கு முன் 14-ஆம் நூற்றாண்டில். புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பின்னரே பழைய உலகத்துக்கு வந்தது. அஃதாவது, புகையிலை வருவதற்கு ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வண்டு மனிதனுடைய பண்டசாலையில் வாழ்ந்து கொண்டிருந்தது. வண்டு புகையிலையைத் தேடிச் செல்லவில்லை. புகையிலைதான் வண்டின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

இதே வண்டால் ஒரு வேடிக்கையான வழக்கும் எழுந்தது. இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் உடல் 1976-இல் பாதுகாப்புச் சிகிச்சைக்காகப் பாரிசுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அதனுள் புகையிலைத் துணுக்குகளும் இவ்வண்டும் காணப்பட்டன. உடனே, பழைய எகிப்தியர் அமெரிக்காவுக்குச் சென்றிருந்தனர் என்று சிலர் கொடி பிடித்தனர். அந்த உடல் 1886-இல் துணி அவிழ்க்கப்பட்டதையும், அக்காலத்தில் அருங்காட்சியகத்தார் புகை பிடித்துக்கொண்டே வேலை செய்ததையும், புகையிலையைப் பூச்சி மருந்தாகவே தூவியதையும் அவர்கள் மறந்தனர். வண்டு மட்டும் கிடைத்ததனால் புகையிலை இருந்ததாகாது என்பதைத் துட்டங்காமன் கல்லறையே காட்டிவிட்டது.

புகையிலை நஞ்சு. நம் உழவர்கள் அசுவினியைக் கொல்லப் புகையிலைக் கஷாயம் தெளிப்பதைக் கிராமத்து மாணவர்கள் கண்டிருப்பீர்கள். பிற பூச்சிகளைக் கொல்லும் அந்த நிகோடினை இவ்வண்டின் புழு எவ்வாறு செரிக்கிறது? இதற்கு விடை அதன் குடலில் இருக்கிறது. குடலின் ஒரு பகுதியில், ஈஸ்ட் போன்ற ஒரு நுண்ணுயிர் அதனோடு கூட்டு வாழ்க்கை நடத்துகிறது. அது புழுவுக்கு வேண்டிய வைட்டமின்களைத் தருகிறது; நச்சுப் பொருள்களைச் சிதைக்கவும் துணை செய்கிறது. தாய் வண்டு முட்டையிடும்போது முட்டை ஓட்டின் மேல் அந்நுண்ணுயிரைப் பூசிவிடுகிறது. பொரிந்து வெளிவரும் புழு தன் ஓட்டைத் தின்று, தாய் தந்த சீதனத்தை வயிற்றில் சேர்த்துக்கொள்கிறது. என் பாட்டனார் இதை அறிந்திருந்தால், சுருட்டு போன வருத்தத்தையும் மறந்து வியந்திருப்பார்.

தாய் வண்டு இலையின் மடிப்பிலோ சுருட்டின் நுனியிலோ சிறுசிறு முட்டைகளை இடும். ஒரு வண்டு நூறு முட்டை வரை இடுவதுண்டு. சில நாள்களில் புழு வெளிவந்து உள்ளே துளைத்துச் செல்லும். கேடு செய்வது பெரும்பாலும் புழுதான். வளர்ந்தபின் கூடு கட்டிக்கொண்டு, வண்டாக மாறி, ஒரு வட்டத் துளையிட்டு வெளியேறும். பாட்டனார் கண்ட துளைகள் வண்டு உள்ளே புகுந்த வழியல்ல. தின்று முடித்து வெளியேறிய வழி. வெயிலில் ஓடியவை தம் வேலை முடிந்த கிழட்டு வண்டுகள். முட்டைகளும் புழுக்களும் வெயிலின் சூடு எட்டாத சுருட்டின் நடுவே சுகமாகவே இருந்தன. மேலிலையில் துளை விழுந்தால் காற்று பக்கவாட்டில் புகும். ஆதலால்தான் புகை இழுக்க வரவில்லை.

சுருட்டைக் காப்பதிலுள்ள இடர்ப்பாடே இங்குதான் தொடங்குகிறது. தானியத்தை நன்றாகக் காயவைத்தால் பூச்சி குறையும். சுருட்டைக் காயவைத்தால் மேலிலை வெடித்துச் சுருட்டே பயனற்றதாகும். நூற்றுக்கு 65 அல்லது 70 பங்கு ஈரப்பதமுள்ள காற்று அதற்கு வேண்டும். அதே ஈரம்தான் வண்டுக்கும் உகந்தது. பொருளுக்கு நன்மை செய்வது பகைக்கும் நன்மை செய்தால், காப்பவன் என்ன செய்வான்?

மேனாட்டார் முதலில் மரத்தை நம்பினர். கியூபாவிலும் பிற நாடுகளிலும் சுருட்டுப் பெட்டிகளை 'செடார்' என வழங்கும் ஒரு மணமுள்ள மரத்தால் செய்தனர். பெயர்தான் செடார், உண்மையில் அது தேவதாருவின் இனமன்று, நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அதற்கு நெருங்கிய உறவான சந்தன வேம்பு நம் நாட்டிலும் பெட்டி செய்ய உதவியது. வேம்பின் உறவாதலால் பூச்சி அண்டாது என்று நம்பியதில் நியாயம் இருந்தது. நம் முன்னோரும் ஏட்டுச் சுவடிகளுக்கிடையே வசம்பும் வேப்பிலையும் வைத்தவர்களே. ஆனால் மணம் வெளியிலிருந்து வரும் வண்டைச் சிறிது தயங்கச் செய்யுமேயன்றி, ஏற்கெனவே சுருட்டுக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. பெட்டி நல்லதாயிருக்க, கேடு உள்ளேயே இருந்தது.

அடுத்து நஞ்சை நம்பினர். கார்பன் டைசல்பைடு என்னும் நீர்மத்தை அறையில் ஆவியாக்குவது ஒரு முறை. அந்த ஆவி சிறு தீப்பொறி பட்டாலும் வெடிக்கும். ஹைட்ரோசயனிக் அமிலப் புகை மற்றொரு முறை. அது வண்டோடு கிடங்குக்காரனையும் கொல்லவல்லது. மணிலாச் சுருட்டுக்குப் பெயர் பெற்ற பிலிப்பைன்ஸ் தீவுகளில் இவ்வண்டைப் பற்றிச் சார்லஸ் ஜோன்ஸ் என்பவர் 1913-இல் நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றே எழுதினார். வெப்பநாடுகளில் ஆண்டு முழுவதும் வண்டு பெருகுவதால், அங்கெல்லாம் இது வணிகத்துக்குப் பெருந்தொல்லையாயிருந்தது. வாங்கியவர் வீட்டில் பெட்டியைத் திறக்கும்போது வண்டு பறந்தால், கெடுவது ஒரு பெட்டி மட்டுமன்று. வியாபாரியின் பெயரும் கெடும்.

இந்நிலையில்தான், வண்டின் வரலாற்றில் நான் மிகச் சிறந்ததாகக் கருதும் நிகழ்ச்சி நடந்தது. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மூடிய கையினுள் எலும்பைக் காட்டும் கதிர், மூடிய பெட்டியினுள் இருக்கும் புழுவைக் கொல்லாதா? வெடியில்லை, வாடையில்லை, பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். அமெரிக்க ஐக்கிய நாட்டு வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மார்கன், ரன்னர் என்னும் இருவர் 1913-இல் சுருட்டு வண்டின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தித் தம் சோதனைகளை வெளியிட்டனர். அவற்றில் நம்பத்தக்க முடிவு கிட்டவில்லை. ரன்னர் விடவில்லை. ஆற்றல் மிகுந்த புதுவகைக் குழாயொன்றைக் கொண்டு மீண்டும் செய்து, 1916-இல் முடிவை வெளியிட்டார்.

அம்முடிவைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். வலிய கதிர் பட்ட வளர்ந்த வண்டுகள் உடனே மடியவில்லை. அவை நடமாடின, முட்டையும் இட்டன. ஆனால் அந்த முட்டைகள் பொரியவில்லை. கதிர் வண்டின் உயிரைப் பறிக்கவில்லை. அதன் வமிசத்தைப் பறித்துவிட்டது.

வியாபாரி இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: எக்ஸ் கதிரால் சுருட்டைக் காக்கலாம். 1929-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய புகையிலை நிறுவனம் அதற்கென இயந்திரமே அமைத்தது. சுருட்டுப் பெட்டிகள் ஓடும் பட்டையில் ஏறிக் கதிர்க் குழாய்களின் கீழே சென்றன. விற்பனைப் பொருளைக் கதிரால் பாதுகாக்கும் தொழில்முறை முயற்சிகளுள் மிகப் பழையது இதுவே. பிற்காலத்தில் மசாலைப் பொருள்களையும் வெங்காயத்தையும் மாம்பழத்தையும் கதிரூட்டிக் காக்கும் முறைக்கு இதனை மூத்த அண்ணன் எனலாம். ஆனால் அக்காலக் குழாய்கள் இடைவிடாத உழைப்பைத் தாங்கவில்லை. இயந்திரம் நிறுத்தப்பட்டது, நச்சுப்புகைக்கே திரும்பினர்.

ரன்னர் கண்ட மற்றோர் உண்மை, பொரியாத முட்டை, கிடங்குப் பூச்சிகளைப் பற்றிய கட்டுரைக் கட்டுகளுக்குள் உறங்கிற்று. எக்ஸ் கதிர் உயிரினத்தின் மரபுப் பண்புகளை மாற்றும் என்பதைப் பழ ஈயைக் கொண்டு முல்லர் நிறுவியது 1927-இல். அதற்காக அவர் 1946-இல் நோபல் பரிசு பெற்றார். ரன்னர் அதற்குப் பதினோரு ஆண்டு முன்னரே வாசலில் நின்றிருந்தார். ஆனால் உள்ளே நுழையவில்லை. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. 'சுருட்டு எப்படிக் காப்பது?' என்று கேட்டு அனுப்பப்பட்டவர் அதற்கு விடை கொண்டுவந்தார். கேள்வி சிறியதாயிருந்ததால், அதைவிடப் பெரிய விடை கையிலிருந்தும் ஒருவர் கண்ணிலும் படாமற் போயிற்று.

அப்பெரிய விடை என்ன? அமெரிக்காவில் கால்நடைகளின் புண்களில் முட்டையிட்டு, உயிருள்ள சதையைத் தின்னும் திருகுப்புழு ஈ என்ற கொடிய ஈ உண்டு. அதன் பெண் ஈ பொதுவாக வாழ்நாளில் ஒருமுறைதான் சேரும். மலடாக்கிய ஆண் ஈக்களை ஏராளமாகப் பறக்கவிட்டால், அவற்றோடு சேரும் பெண்களின் முட்டைகள் பொரியா. தலைமுறைக்குத் தலைமுறை இனம் குன்றும் என்று எட்வர்டு நிப்லிங் என்னும் பூச்சியியலார் 1930-களிலேயே எண்ணியிருந்தார். மலடாக்கும் வழிதான் அவருக்குத் தெரியவில்லை. 1950-இல் முல்லரின் கட்டுரை ஒன்றைப் படித்தபின் அவருக்கு எழுதிக் கேட்டார். கதிரால் முடியும் என்ற விடை வந்தது. அவருடைய தோழர் புஷ்லண்டு சோதனைகளை நடத்தினார். 1954-இல் கரீபியக் கடலிலுள்ள குராசாவ் தீவில் மலட்டு ஈக்களை வாரந்தோறும் விமானத்திலிருந்து தூவினர். சில மாதங்களில் அத்தீவில் திருகுப்புழு அற்றுப்போயிற்று. 1959-இல் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியிலிருந்தும் அது ஒழிக்கப்பட்டது. பிற்காலத்தில் பிற நாடுகளில் அது மீண்டும் தலைதூக்கியது உண்டு. ஆயினும் நஞ்சின்றி ஓர் இனத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது மெய்யாயிற்று.

1916-இலிருந்து 1950 வரை முப்பத்து நான்கு ஆண்டுகள். அவ்வளவு காலமும் விடை ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. ரன்னரின் கட்டுரையைப் பற்றி நான் முதன்முதலாக அறிந்தபோது, பாட்டனாரின் உளுத்த சுருட்டே என் நினைவுக்கு வந்தது.

கிடங்குக்கு மறுபடியும் திரும்புவோம். எக்ஸ் கதிர் கைவிடப்பட்டபின், மெதில் புரோமைடு என்ற வாயு பெருவழக்காயிற்று. அது வானத்தின் ஓசோன் படலத்தைச் சிதைப்பதென்று அறிந்து, 1992-இல் உலக நாடுகள் அதனைத் தடைப்பட்டியலில் சேர்த்தன. படிப்படியாகப் பொது வழக்கிலிருந்து நீக்கின. பிறகு பாஸ்பீன். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் காற்றிலுள்ள ஈரத்தோடு கலந்து அந்த வாயுவை வெளியிடும். இவையெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் கையாளவேண்டியவை. வீட்டுக்குள் நுழையவே கூடாத நஞ்சுகள். பாஸ்பீனும் என்றும் ஒரேபடியாக வெல்லவில்லை. கிடங்கில் இடைவெளி இருந்தால் வாயு கசியும். கசிந்தால் அளவு குறையும். குறைந்த அளவில் வலிய வண்டுகள் பிழைக்கும். பிழைத்தவற்றின் பிள்ளைகள் அந்நஞ்சைப் பொருட்படுத்தா. இந்தியப் புகையிலைக் கிடங்குகளிலேயே 1990-களில் இவ்வாறு எதிர்ப்பாற்றல் பெற்ற வண்டுகள் கண்டறியப்பட்டன. கதவிடுக்கை அடைக்காத சோம்பல், வண்டுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

ஜப்பானிய ஆராய்ச்சியாளர் வேறு வழியில் சென்றனர். பெண் வண்டு ஆணை அழைக்க வெளியிடும் மணப்பொருளை 1979-இல் பிரித்தெடுத்து, அதற்குச் செரிகார்னின் என்று பெயரிட்டனர். பெப்ரீசியஸ் வைத்த பெயரிலிருந்து பிறந்த பெயர் அது. அம்மணத்தைத் தடவிய ஒட்டுப்பொறிகளைக் கிடங்கில் தொங்கவிட்டால், ஆண் வண்டுகள் தேடிவந்து ஒட்டிக்கொள்ளும். இப்பொறி வண்டை அடியோடு ஒழிக்காது. ஆனால் வண்டு எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். நோயின் இடம் தெரிந்தபின் மருந்து எளிது.

இவ்வளவுக்குப் பின் சுருட்டைக் காக்க நிலைத்த வழி எது தெரியுமா? குளிர். இவ்வண்டு வெப்பத்தின் பிள்ளை. 30 பாகை சென்டிகிரேடு அளவில் முட்டையிலிருந்து வண்டாக ஐந்தாறு வாரங்கள் போதும். 20 பாகையில் நான்கு மாதம் ஆகும். 18 பாகைக்குக் கீழே வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். ஆதலால் சுருட்டுக்கு வேண்டிய ஈரத்தைக் குறைக்காமல் வெப்பத்தை மட்டும் குறைத்தால், பொருளுக்கும் பகைக்கும் முதன்முறையாக வேறுபாடு பிறக்கிறது. நம் சித்திரை வைகாசி மாதங்களில் இது எளிதன்று. பாட்டனாரின் திண்ணையோரத்து அலமாரி வண்டுக்குக் கட்டிய மாளிகையாகவே இருந்திருக்கும். வளர்ச்சியை நிறுத்துவதோடு அமையாமல் முட்டையையும் கொல்லவேண்டுமானால், உறைநிலைக்கு வெகு கீழே, 18 பாகை அல்லது அதற்கும் தாழ, சில நாள்கள் வைக்கவேண்டும். குளிர் நடுச்சுருட்டு வரை எட்டவேண்டும். பிறகு திடுமென வெளியே எடுக்காமல், படிப்படியாகச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் மேலிலை வெடிக்கும். கியூபா நாட்டார் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து தம் சுருட்டுகளை ஏற்றுமதிக்கு முன் இவ்வாறே உறையவைக்கின்றனர்.

இந்தக் குளிர் சுருட்டோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து அரிய நூல்கள் அமைந்த பைனெக்கி நூலகத்தில் 1977-இல் புத்தகங்களைத் துளைக்கும் வண்டு புகுந்தது. அது நம் வண்டுக்கு உறவானது; கேஸ்ட்ராலஸ் என்னும் இனம். நூல்களைப் பையிலிட்டு மூடி, உறைநிலைக்குக் கீழே 29 பாகை அளவில் மூன்று நாள் வைத்தனர். நஞ்சு ஒரு துளியும் இன்றி நூல்கள் பிழைத்தன. இச்செய்தியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் பனையோலைச் சுவடிகளைத் துளைப்பதில் பெயர் பெற்றது அதே கேஸ்ட்ராலஸ் இனத்து வண்டுதான். சுருட்டு வண்டும் அதற்குத் துணை செய்வது.

சென்ற ஐப்பசி மழையின்போது பாட்டனாரின் பெட்டியை மீண்டும் திறந்தேன். எஞ்சியிருந்த ஏடுகளின்மேல் புதிய தூள் மஞ்சளாகப் படிந்திருந்தது. பழைய கேடு என்று நான் எண்ணியிருந்தது இன்னும் நடந்துகொண்டிருந்தது. சுவடித்துறை அறிந்த நண்பர் ஒருவரைக் கேட்டேன். அவர் சொன்னபடி, ஏடுகளை மெல்லிய துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில் இட்டு மூடி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தேன். வீட்டில் ஐஸ் கேட்ட பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு வாரமும் இல்லை என்றே சொன்னேன். பிறகு ஒருநாள் முழுவதும் பையைத் திறக்காமல் சாதாரணக் குளிர்ப்பெட்டியிலும், மறுநாள் முழுவதும் மேசைமீதும் விட்டுவைத்தேன். வெள்ளைத் தாளின்மேல் ஏடுகளைப் பிரித்து மெல்லத் தட்டியபோது, நான்கு வண்டுகளும் வளைந்து உறைந்த ஒரு புழுவும் விழுந்தன. எழுத்து முழுமையாக நின்ற ஏடுகள் பதினொன்று. அவற்றை ஒவ்வொன்றாகப் படியெடுத்து வருகிறேன். காய்ச்சல் குடிநீரின் அளவுகள் அவற்றில் இல்லை. பெட்டியை மட்டும் கழுவி, வெயிலில் காயவைத்து, காலியாகவே வைத்திருக்கிறேன்.